ஷார்ஜாவில் மின்வெட்டு

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், சிதம்பரம் கீழவீதி மாடியறை ஒன்றில் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் ஆளோடு நசீர் இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆளின் பெயர் ஷார்ஜா செல்வம். சண்டை நடந்த இடம் இன்டர்நெட்டில் ஒரு பிளாக்கின், அதாவது வலைப்பதிவின், பின்னூட்டப் பகுதி.

மாடியறை வாசலில் 'லலிதா தகவல் நிலையம்' என்று போர்டு தொங்கியது. துப்பறியும் நிலையம் என்று எழுதினால் பெண் வீட்டுக்காரர்கள் படியேறக் கூச்சப்படுவார்கள் என்பதால் அந்தப் பெயர். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன உத்தியோகம் நிஜமா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதா. உரிமையாளர் லலிதாம்பிகை இதுவரை எத்தனையோ கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள். அதற்காக அவளைக் கரித்துக் கொட்டுகிறவர்களும் உண்டு, கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு. நசீர் அவளுடைய உதவியாளன், லால்பேட்டைக்காரன், பல வருஷம் ஷார்ஜாவில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவன். ஓடியாடி விசாரிப்பது அவன் வேலை. வாயடிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்றாலும் அதையும் குறைவில்லாமல் செய்துவந்தான்.

இந்தத் தடவை வழக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிட்டது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டைத் தூள் தூளாகக் கிழித்துக்கொண்டிருந்த சாய்ரா, அவன் மனைவியின் தங்கை. 'நாளொளி' பத்திரிகையின் கடலூர் நிருபர். பெண்பிள்ளைக்குப் பத்திரிகை வேலை எதற்கு என்று கொதித்த மாமியாரிடம் மாதக்கணக்கில் மன்றாடி அவளை அந்த வேலைக்கு அனுப்பியவன் நசீர். இப்போது அந்த வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. போய்விட்டால் சாய்ரா வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். நசீர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது.

நடந்தது இதுதான். புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் கலியமூர்த்தி என்ற புரொமோட்டர் 'பொன்மலர் நகர்' என்று மனை போட்டு விற்றார். 'ஏமாந்தவன்' என்ற பெயரில் ஒருவர் பிளாக் ஆரம்பித்து, மழை பெய்தால் பொன்மலர் நகரில் மனை வாங்கியவர்கள் படகும் வாங்க வேண்டியிருக்கும் என்று கிழிகிழியென்று கிழித்தார். எல்லைக் கற்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற போட்டோக்களையும் போட்டார். சாய்ரா நேரில் போய்ப் பார்த்தபோது தண்ணீரை இறைத்துச் செம்மண் கொட்டி மெழுகியிருந்தார்கள். ஏமாந்தவனுக்கு மெயில் எழுதினாள். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தால் பேசுகிறேன் என்று பதில் வந்தது. வாக்குக் கொடுத்தாள், விவரம் வாங்கினாள், செய்தி எழுதினாள். செய்தி வந்த சூட்டோடு கலியமூர்த்தியின் வக்கீல் நோட்டீசும் வந்தது. சென்னையிலிருந்த ஆசிரியர் சிவசுப்ரமணியன் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அந்த ஏமாந்தவன் ரத்தமும் சதையுமாக இருக்கிறானா என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் பத்திரிகையில் மன்னிப்பு, சாய்ரா வீட்டுக்கு.

இப்போது ஏமாந்தவன் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை.

"பேப்பர்காரங்க பிளாக்கைப் பாத்து எழுதினா இப்படித்தான்," என்றான் நசீர். "செவுத்துல எழுதி வச்சிருந்தாக்கூட யாரு வூட்டுச் செவுருன்னாவது தெரியும்."

"மச்சான், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் சாய்ரா.

சும்மா இருக்கிற ஆளா அவன். ஏமாந்தவன் ஒரு பதிவு போட்டால் போதும், கலியமூர்த்திக்குப் பரிந்துகொண்டு ஷார்ஜா செல்வம், சிங்கை சௌந்தரம், குறிஞ்சிப்பாடி ரசிகன் என்று பின்னூட்டக் கும்பல் ஒன்று பாய்ந்துவந்தது. ஷார்ஜாக்காரர் என்றதும் நசீருக்குக் கை துறுதுறுத்தது. அங்கே ரோலா பகுதியில் நம்ம ஊர் ஆள் நடத்துகிற 'வெள்ளாறு மெஸ்' இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவைத்தான். நேற்றுகூட அங்கேதான் மீன்குழம்பு சாப்பிட்டேன், அதே ருசி என்று செல்வம் பதில் எழுதினார். அப்படி ஒரு மெஸ்ஸே கிடையாது. அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு வாய் மீன்குழம்புக்கு ஏங்கியவன் என்பதால் நசீருக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

"வுடக்கூடாதுன்னு நேத்து மத்தியானம் நாக்கைப் புடுங்குற மாதிரி ஒரு கேள்வி கேட்டேங்க்கா. ஆளு பாதியிலேயே ஆஃப் ஆயிட்டான். ஷார்ஜாவுல கரண்ட் கட்டு போலருக்கு."

சாம்பார் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த லலிதாம்பிகையின் கை நின்றது. ஷார்ஜாவில் கரண்ட் போகுமா என்று கேட்டாள். தான் இருந்தவரைக்கும் ஒருநாள்கூடப் போனதில்லை, போயிருந்தால் வெந்த நிலையில்தான் ஊர் வந்து சேர்ந்திருப்பேன் என்றான் நசீர். மற்றவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்கச் சொன்னாள். பின்னூட்டத்துக்குக் கீழேதான் நேரம் பதிவாகியிருக்கிறதே. நேற்று மத்தியானம் செல்வம் வாயை மூடிய அதே நேரத்தில் சிங்கப்பூரும் மூடியது, குறிஞ்சிப்பாடியும் மூடியது. பிறகு மூவரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். முந்தாநாள் மத்தியானமும் அப்படியே. போன வாரம் மட்டும் மத்தியானங்களில் பேச்சு தடையில்லாமல் ஓடியிருந்தது, காலை வேளைகள்தான் ஊமையாகக் கிடந்தன.

சாய்ரா டிக்கெட்டைக் கிழிப்பதை நிறுத்தினாள்.

"இது கடலூர் மஞ்சக்குப்பம்," என்றாள். "போன வாரம் அங்க காலைல கட்டு, இந்த வாரம் மத்தியானம். ஏரியா ஏரியாவா எப்ப கரண்ட் போவும்னு பேப்பர்ல வருதுல்ல, அத டைப் பண்ணி அனுப்புறது நான்தான். எனக்குப் புடிக்காத வேலை அதான்."

ஆக, சிங்கப்பூர், ஷார்ஜா, குறிஞ்சிப்பாடி மூன்றுக்கும் சேர்த்து மஞ்சக்குப்பத்து டிரான்ஸ்பார்மர்தான் மின்சாரம் கொடுத்துவந்தது. மஞ்சக்குப்பத்தில் கலியமூர்த்திக்காகக் கூவுகிற ஆள் யார் என்பதும் சாய்ராவுக்கு உடனே தெரிந்தது. சபேஷ். மீடியா ஆலோசகர் என்று கார்டு அடித்துக்கொண்டு, கலியமூர்த்தியின் பிரஸ் மீட்டுகளை நடத்துகிறவர்.

நசீர் எழுந்து ஒரு குத்தாட்டம் போடத் தயாரானான். லலிதாம்பிகை அவனை உட்காரவைத்தாள். காசு வாங்கினவர் பாராட்டுகிறார், அதில் என்ன அதிசயம், நமக்கு வேண்டியது திட்டுகிறவர் அல்லவா என்று கேட்டாள். பிறகு ஏமாந்தவனின் பிளாக்கை முதல் பதிவிலிருந்து ஒருமுறை மெதுவாகப் படித்தாள். கடைசியில் சாய்ராவின் செய்தி இருந்தது. வெள்ளைத் தாளில் கோணலில்லாமல் வெட்டி ஒட்டி, மேலே பத்திரிகைப் பெயர், கடலூர் பதிப்பு, தேதி, பக்க எண் எல்லாம் சின்னதாக எழுதி, ஸ்கேன் செய்து போட்டிருந்தார். மனை வாங்கி நொந்துபோனவர் இவ்வளவு நறுவிசாக ஒட்டியிருக்கிறாரே என்று நசீர் பாராட்டினான். லலிதாம்பிகை அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

"ஏமாந்தவன் யாருன்னு நம்மளவிட ஜாஸ்தி கவலைப்பட வேண்டியவரு சபேஷ்தான். அவரையே போய்க் கேப்போம்."

கடலூர் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மழை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. மாமியாரிடம் என்ன சொல்வது என்று நசீர் மனதுக்குள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தான். மூன்றிலும் அவனுக்குத்தான் அடி விழுந்தது. பயமாக இருந்தது. பயம் வந்தால் அவனுக்குப் பேச்சு அதிகமாகும் என்பதால், பி.முட்லூரிலிருந்து கடலூர் வரை பக்கத்து சீட்டுக்காரர் தூங்க முடியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் சபேஷின் ஆபீஸ் ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அவருக்கு சாய்ராவைத் தெரியும். ஆகவே அவளைக் கீழே டீக்கடையில் விட்டுவிட்டு இருவரும் மாடி ஏறினார்கள். சபேஷ் முப்பத்தைந்து வயது, பட்டையாக விபூதி, கசங்காத முழுக்கைச் சட்டை, இரண்டு செல்போன். அவர்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் திறந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். மூடி முடிக்கவே சற்று நேரமானது.

தன் தகவல் நிலையத்துக்கு நாலு பேரிடம் பெயர் பரவ வேண்டும் என்றாள் லலிதாம்பிகை. சபேஷுக்கு முகம் மலர்ந்தது.

"பிளாக், ஆர்குட் எல்லாம் நான் பாத்துக்குறேன் மேடம். ஆனா மொதல்ல உங்களுக்கு ஒரு எதிரி வேணும்."

எதற்கு என்று நசீர் கேட்டான்.

"ஒருத்தரைப் புகழ்ந்து எழுதினா அவரு சம்சாரம்கூட படிக்கமாட்டாங்க. திட்டுங்க, ஊரே கூடிடும். அப்புறம் நாம பதில் சொல்லலாம். கலியமூர்த்தி சார் கதையே அதான. ஏமாந்தவன்னு ஒருத்தன் கெளம்பினானா, அதுக்கப்புறம்தான் பொன்மலர் நகரையே பாதிப் பேருக்குத் தெரியும்."

அந்த ஏமாந்தவன் யாராக இருக்கும் என்று லலிதாம்பிகை அப்பாவியாகக் கேட்டாள். போட்டிக் கம்பெனியின் ஆள், பேர்கூடத் தெரியும், சமயம் வரும்போது வெளியிடுவேன் என்றார் சபேஷ். அதுவரை அவனைச் சமாளிப்பதற்காகவே கலியமூர்த்தி தன்னை விடாமல் வைத்திருக்கிறார் என்றும் பெருமையாகச் சொன்னார். செய்த வேலைக்கு ஏதாவது சாம்பிள் பார்க்கலாமா என்று அவள் கேட்டதும் அலமாரியிலிருந்து தடிமனான ஃபைல் ஒன்றை எடுத்துப் பிரித்துவைத்தார். பேப்பரில் வந்த ஒவ்வொரு செய்தியையும் இப்படி ஒட்டி மாசாமாசம் முதலாளியிடம் காட்டினால்தான் இந்தத் தொழிலில் மரியாதை என்றார்.

நசீர் ஏனோதானோ என்று புரட்டினான். பூமி பூஜை. மரக்கன்று நடும் விழா. இலவசக் கண் சிகிச்சை முகாம். ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் கோணலில்லாமல் வெட்டி ஒட்டி, மேலே பத்திரிகைப் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண். மூன்றாவது தாளில் அவன் கை நின்றது. நான்காவது தாளையும் திருப்பினான். சாய்ராவின் செய்தியை ஏமாந்தவன் தன் பிளாக்கில் எப்படி ஒட்டியிருந்தாரோ, இங்கே எல்லாச் செய்தியும் அப்படியே, அதே குட்டி எழுத்தில்.

மெல்லத் தலை தூக்கி லலிதாம்பிகையைப் பார்த்தான்.

"இப்பத்தான் பாக்குறியா," என்றாள் அவள். "நான் கீழவீதியிலயே பாத்துட்டேன். நொந்துபோனவன் பேப்பரைக் கிழிச்சு சட்டைப்பையில வச்சுக்குவான். பதிப்பும் பக்க நம்பரும் போட்டு ஒட்டுறது இவுங்க ஜாதி மட்டும்தான்."

அந்த நேரம் பார்த்து மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது. இன்வெர்ட்டர் ரிப்பேரில் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார் சபேஷ்.

"ஷார்ஜாவும் போயிருக்குமே," என்று நசீர் பரிதாபப்பட்டான். "செல்வம் பாவம், மீன்கொழம்பை இருட்டுல எப்படிச் சாப்புடுவாரு."

திட்டியவரும் பாராட்டியவரும் ஒரே ஆள். ஏமாந்தவன் இருக்கிறவரை கலியமூர்த்திக்கு சபேஷ் வேண்டும். சபேஷ் இருக்கிறவரை ஏமாந்தவனுக்குச் சாவே கிடையாது. ஒரு பிரவுசரில் தீ வைத்து, இன்னொரு பிரவுசரில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உட்கார்ந்து பிழைப்பு நடத்தியிருக்கிறார் மனிதர். நசீருக்குக் கோபத்தையும் மீறி ஒரு மரியாதை வந்துவிட்டது.

கீழேயிருந்து சாய்ராவை வரவழைத்தார்கள். அவளைப் பார்த்ததும் சபேஷ் எழுந்து நின்றார். போட்டோக்கள் பொய்யா? அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"பொய் இல்லம்மா. மனை விளம்பரப் பிரவுச்சருக்குப் படம் எடுக்கப் போனப்ப நானே எடுத்தது. தண்ணி நிக்காத எடமா பாத்து நாலு படம் தேறுறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. மிச்சமிருந்ததத்தான் பிளாக்குல போட்டேன். பொய்யா எழுதினா மொதலாளி சிரிச்சிட்டு வுட்டுடுவாரு. நெஜத்த எழுதினாத்தான் பயப்படுவாரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேப்பர்ல வரும்னு நெனைக்கல. வந்ததும் ஒரே பெருமையாப் போச்சு. ஒட்டாம இருக்க முடியல."

நசீர் செல்போனை எடுத்தான். ஏமாந்தவன் ரத்தமும் சதையும் விபூதியுமாக எதிரே நிற்கிறான், ஆசிரியருக்குப் போன் போட்டு இந்த நிமிஷமே பெயரைச் சொல்லிவிடு என்றான். சாய்ரா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேரு வெளிய வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன் மச்சான்."

"கொழந்தை, அது ஏமாந்தவனுக்குக் குடுத்த வாக்கு. இவரு ஏமாத்துனவரு."

"ஆளு நல்லவரா இருந்தாத்தான் வாக்குன்னா, நாளைக்கு எவன் என்கிட்ட பேசுவான்? வேலை போனாப் போவுது. இவரு பேரு என் வாயிலருந்து வராது."

வேலை போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது அவளுக்கு உயிர் என்பது நசீருக்குத் தெரியும். திட்டலாம் என்று வாயெடுத்தவனுக்குத் திட்ட வரவில்லை. மாமியாரிடம் அடி வாங்கினாலும் பரவாயில்லை, இந்தப் பெண்ணுக்காக மன்றாடியது வீண்போகவில்லை என்று தோன்றியது. சபேஷ் அவளைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிற திகைப்பு இருந்தது.

லலிதாம்பிகை மட்டும் அசையவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி முதலாளிக்கு யோசனை சொன்னது யார் என்று சபேஷிடம் கேட்டாள். நான்தான் என்றார். வாபஸ் வாங்கவும், மனை வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரவும் நீங்களே யோசனை சொல்லலாமே என்றாள். அந்தப் பெண் வாக்குக் கொடுத்தது நிஜம், தான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பதையும் அன்பாக ஞாபகப்படுத்தினாள்.

சபேஷ் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கலியமூர்த்திக்குப் போன் போட்டார். அடுத்து நடந்ததைக் கேட்க நசீர் டிக்கெட் வாங்கக்கூடத் தயாராக இருந்தான்.

"சார், ஏமாந்தவனைப் புடிச்சிட்டேன். பேசியாச்சு. ஆளு ரொம்ப மோசம் சார், எதுக்கும் துணிஞ்சவன். தண்ணி நின்ன படம் இன்னும் கட்டுக்கட்டா வச்சிருக்கான், கோர்ட்டுக்குப் போனா அத்தனையும் வெளிய வரும். நோட்டீஸை வாபஸ் வாங்கணுமாம். மனை வேணாங்குறவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமாம். செஞ்சா பிளாக்கை மூடிடுறேங்குறான். இல்ல சார், பேரு சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். நானே கெஞ்சினப்புறம்தான் எறங்கி வந்திருக்கான் சார்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கத்தல் கேட்டது. சபேஷ் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். கத்தல் புலம்பலாகி, புலம்பல் முனகலாகி, கடைசியில் சரி என்றது. இனி ஏமாந்தவன் இல்லை, சபேஷுக்கு அங்கே வேலையும் இல்லை. போனை வைத்தவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது.

வக்கீலிடமிருந்து சென்னைக்குத் தகவல் போய்ச் சேர்ந்து, ஆசிரியர் சிவசுப்ரமணியன் சாய்ராவைக் கூப்பிட்டபோது கரண்ட் இன்னும் வரவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. அந்த அமைதியில் போனில் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

நோட்டீஸ் வாபஸாகிவிட்டது, மன்னிப்பு கிடையாது என்றார் அவர். பிறகு கேட்டார்.

"அந்த ஆளை நேர்ல பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"பேரு கேக்கல. நம்பலாமா, அத மட்டும் சொல்லு."

சாய்ரா சபேஷைப் பார்த்தாள். அவர் கைகட்டி நின்றார்.

"ஆளை நம்ப முடியாது சார். எழுதினதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல."

பிறகு ஆசிரியர், பணம் திருப்பித் தருகிற செய்தியை இன்றைக்கே எழுதி அனுப்பச் சொன்னார். "வழக்கம்போல 'நமது நிருபர்'னு போடாத. உன் பேரைப் போட்டே அனுப்பு."

நாலு வருஷமாக எழுதியும் அவள் பெயர் அந்தப் பத்திரிகையில் ஒருமுறைகூட வந்ததில்லை. போனை வைத்ததும் சாய்ரா அழுதுவிட்டாள். நசீர் கர்சீப்பைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லலிதாம்பிகை சுழல் நாற்காலியை இழுத்து அவளை அதில் உட்காரவைத்து, எழுதத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள்.

சபேஷ் ஓரமாக நின்று அவள் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, தன் பெயர் வேண்டாம், அது சரிதான், செய்தியின் அடியில் பிளாக்கின் விலாசத்தையாவது ஒரு வரி போட முடியுமா என்று கேட்டார்.